மண்ணுக்குக் கணக்கு எழுதிய தமிழர்

மதுரையிலிருந்து திருமங்கலம் வழியாக ராஜபாளையம் போகும் சாலையில், சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது டி. கல்லுப்பட்டி. சுற்றிலும் கரிசல் பூமி. மழை பெய்தால் நடப்பவர் காலை விடாமல் பிடித்துக்கொள்ளும். வெயில் காய்ந்தால் பாளம் பாளமாக வெடித்துவிடும். பருத்தியும் சோளமும் மிளகாயும் மல்லியும் விளைகிற மண் அது.

1953-ம் ஆண்டில் இந்த ஊரில் உள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்துக்கு ஒரு பெரியவர் வந்து சேர்ந்தார். கதர் உடை. மெலிந்த தேகம். இரத்தக் கொதிப்பு அவரை வாட்டிக்கொண்டிருந்தது. மனைவி மக்கள் இல்லை. மணம் செய்துகொள்ளாதவர். ஒரு காலத்தில் இவர் லண்டனில் கணக்குத் தணிக்கையாளராக இருந்தவர், பம்பாயில் சொந்த நிறுவனம் நடத்தியவர், அமெரிக்காவில் பொருளாதாரம் படித்தவர் என்று சொன்னால் பார்ப்பவர் நம்பியிருக்க மாட்டார்கள்.

அவர்தாம் ஜே. சி. குமரப்பா. காந்தியடிகளின் பொருளாதார நிபுணர் என்று பெயர் பெற்றவர்.

உயிருள்ள மண்ணே நாட்டின் முதல். அந்த முதலைத் தின்று வாழ்வதற்கு வருமானம் என்று பெயரில்லை என்பது அவர் வாழ்நாள் முழுதும் சொல்லி வந்த பாடம். பலர் அதைப் பழைய பஞ்சாங்கம் என்று ஒதுக்கினார்கள். ஆனால் அந்தப் பாடத்துக்கு ஒரு சாட்சி அவருடைய குடிசையைச் சுற்றியிருந்த கரிசல் காட்டிலேயே, மிளகாய்ச் செடியின் வேருக்குள்ளே ஒளிந்திருந்தது! அந்தச் சாட்சி விஞ்ஞானிகளின் கூண்டில் ஏறிப் பேசியபோது குமரப்பா உயிரோடு இல்லை.

தஞ்சையிலிருந்து லண்டனுக்கு

1892-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னீலியஸ். தகப்பனார் மராமத்து இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். கட்டுப்பாடும் கண்டிப்பும் மிகுந்த வீடு. காரியம் எதுவானாலும் காலத்தோடும் ஒழுங்கோடும் செய்ய வேண்டும் என்ற பழக்கம் அங்கே வந்தது.

இளைஞர் கொர்னீலியஸ் லண்டன் சென்று கணக்குத் தணிக்கை படித்துத் தேறினார். அங்கேயே சில காலம் வேலை பார்த்தார். 1919-ல் தாய்நாடு திரும்பிப் பம்பாயில் தொழில் செய்தார். நடை, உடை, சாப்பாடு எல்லாமே வெள்ளைக்காரர் பாணிதான்.

1921-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் மதுரை மேலமாசி வீதியில் ஒரு சம்பவம் நடந்தது. ஏழைக் குடியானவனுக்கு உடுக்க முழுத் துணி இல்லாதபோது தமக்கு மட்டும் எதற்கு என்று எண்ணி, காந்தியடிகள் அரை ஆடைக்கு மாறினார். அந்த வேளையில் இந்தத் தமிழர் பம்பாயில் கோட்டும் சூட்டும் அணிந்து, கம்பெனிகளின் லாப நஷ்டத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்! இருவரும் சந்திக்க இன்னும் எட்டு ஆண்டுகள் இருந்தன.

கேள்வி பிறந்தது

1927-ல் அவர் அமெரிக்கா சென்றார். சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். பிறகு நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே இருந்தபோது, இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்ற பொருள் பற்றி ஒரு மாதாகோயிலில் பேசினார். பத்திரிகையில் வந்த அந்தச் செய்தி அவருடைய பேராசிரியர் செலிக்மன் கண்ணில் பட்டது. அதையே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளும்படி அவர் யோசனை சொன்னார்.

ஆராய ஆராயக் கொர்னீலியஸின் கண் திறந்தது. வெள்ளைக்கார ஆட்சி இந்தியாவின் வருமானத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகவில்லை, முதலையே கரைத்துக்கொண்டிருந்தது. கணக்கு அதைத் தெளிவாகக் காட்டியது.

கட்டுரையை அச்சிடும் விஷயமாக 1929-ம் ஆண்டு மே மாதம் சபர்மதி ஆசிரமத்துக்குப் போனார். அங்கே ஒரு மரத்தடியில், சாணம் மெழுகிய தரையில் உட்கார்ந்து ஒரு கிழவர் நூல் நூற்றுக்கொண்டிருந்தார். கொர்னீலியஸ் கைத்தடியை ஊன்றிக்கொண்டு சிறிது நேரம் வேடிக்கை பார்த்தார். பிறகுதான் தெரிந்தது, அவர் காண வந்த காந்தியடிகளே அவர் என்று! மடிப்புக் கலையாத கால்சட்டையோடு அந்தத் தரையிலே உட்கார்ந்தார். அன்று உட்கார்ந்தவர் மறுபடி பழைய வாழ்க்கைக்கு எழுந்து போகவே இல்லை.

கட்டுரை காந்தியடிகளின் 'யங் இந்தியா' பத்திரிகையில் தொடர்ந்து வெளியாயிற்று. கேடா ஜில்லா மாத்தர் தாலுகாவில் கிராமம் கிராமமாகச் சென்று குடியானவர்களின் வரவு செலவைக் கணக்கெடுக்கும் வேலையைக் காந்தியடிகள் அவரிடம் ஒப்படைத்தார். கோட்டு போயிற்று, கதர் வந்தது. கொர்னீலியஸ் என்ற பெயரும் போய், குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பா நிலைத்தது. சுதந்திரப் போரில் பல முறை சிறை சென்றார்.

குருவுக்கும் சலுகை இல்லை

1934-ம் ஆண்டு ஜனவரியில் பீகாரைப் பூகம்பம் உலுக்கியது. நிவாரண நிதிக்கு நாடெங்கும் இருந்து பணம் குவிந்தது. கணக்குப் பொறுப்பை ராஜேந்திர பிரசாத் குமரப்பாவிடம் விட்டார். காந்தியடிகளும் அவருடைய கோஷ்டியும் வந்தபோது அந்தச் செலவை நிவாரண நிதியிலிருந்து கொடுக்க முடியாது என்று குமரப்பா மறுத்துவிட்டார். அது துன்பப்பட்டவர்களின் பணம். குருவானாலும் கணக்கு கணக்குதான். காந்தியடிகள் கோபிக்கவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது இப்படிப்பட்ட மனிதர்தான்.

அதே ஆண்டின் இறுதியில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் ஆரம்பமாயிற்று. அதன் காரியதரிசியாகக் குமரப்பா வார்தாவில் உள்ள மகன்வாடியில் குடியேறினார்.

குப்பையும் ஒரு செல்வம்

மகன்வாடியில் செக்கு ஆடிற்று, கைக்குத்தல் அரிசி தயாராயிற்று, காகிதம் செய்தார்கள், தேனீ வளர்த்தார்கள். புகையில்லா அடுப்பையும் தாவர எண்ணெயில் எரியும் விளக்கையும் உருவாக்கினார்கள். இவற்றுக்கு நடுவே குமரப்பா மிகுந்த அக்கறை காட்டிய காரியம் ஒன்று உண்டு. இலை தழை, மாட்டுச் சாணம், மனிதக் கழிவு எல்லாவற்றையும் மக்கவைத்து மண்ணுக்குத் திருப்பிக் கொடுப்பதுதான் அது.

இந்த வழிக்கு விஞ்ஞான உருவம் கொடுத்தவர் ஆல்பர்ட் ஹோவர்டு என்ற ஆங்கிலேயர். இந்தோர் நகரில் 1924 முதல் 1931 வரை ஆராய்ச்சி நடத்தியவர். இந்தியக் குடியானவர்களே தமக்கு ஆசிரியர்கள் என்று எண்ணியவர். 1937-38-ல் இந்தியாவிலும் இலங்கையிலும் தேயிலைத் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்தபோது, வேருக்குள் வாழும் ஒருவகைப் பூசணம் அவர் கவனத்தை இழுத்தது. மக்கிய உரம் இட்ட இடங்களில் அது செழித்திருந்தது. மண்ணின் மக்குக்கும் செடியின் வேருக்கும் இடையே உயிருள்ள பாலம் அது என்று 1940-ல் எழுதிய நூலில் விளக்கினார்.

அந்தப் பாலத்தில் என்ன சரக்குப் போய் வருகிறது என்பது அப்போது சரியாகத் தெரியவில்லை. வேர் பூசணத்தையே ஜீரணித்துப் புரதம் பெறுகிறது என்று ஹோவர்டு கருதினார். அந்த விளக்கம் பின்னால் மாறிற்று. ஆனால் பாலம் இருப்பது மெய்தான்.

சிறையில் பிறந்த நூல்

1942-ம் ஆண்டுப் போராட்டத்தை ஒட்டிக் குமரப்பா மறுபடி சிறைப்பட்டார். ஜபல்பூர் சிறையில் இருந்தபோது ஒரு நூல் எழுதினார். நிலைத்து நிற்கும் பொருளாதாரம் என்பது அதன் பொருள். 1945-ல் காந்தியடிகளின் முன்னுரையோடு அது வெளிவந்தது.

அந்த நூல் கடைத்தெருவிலிருந்து தொடங்கவில்லை, காட்டிலிருந்து தொடங்குகிறது! பிற உயிரைக் கொன்று பிழைப்பது ஒரு வகை. உழைக்காமல் பறித்து உண்பது இன்னொரு வகை. பூவிலே தேன் எடுக்கும் வண்டு மகரந்தத்தைச் சுமந்து சென்று கைம்மாறு செய்கிறதே, அது மேலான வகை. எல்லாவற்றுக்கும் மேலே, கணக்குப் பார்க்காமல் கொடுக்கும் தாயின் வழி. மனிதனின் தொழிலும் வாணிபமும் இவற்றில் எந்த வகை என்று குமரப்பா கேட்டார்.

செல்வத்தையும் அவர் இரண்டாகப் பிரித்தார். சுரங்கத்தில் இருப்பது தேங்கிய செல்வம். எடுக்க எடுக்கக் குறையும். அதற்காக நாடுகள் அடித்துக்கொள்ளும். வயலிலும் காட்டிலும் ஆண்டுதோறும் வருவது ஓடும் செல்வம். மூலத்தைக் கெடுக்காமல் பயன்படுத்தினால் வற்றாது. கணக்கர் எழுதிய வேதாந்தம் இது!

உரச் சண்டை

சுதந்திரம் வந்தது. காங்கிரஸ் நியமித்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்குக் குமரப்பா தலைவரானார். 1949-ல் அறிக்கை கொடுத்தார். ஆனால் டில்லி வேறு திசையில் நடந்தது. பெரிய அணைகள், பெரிய ஆலைகள், டிராக்டர்கள். சிந்திரியில் சர்க்காரின் உரத் தொழிற்சாலை 1951-ல் உற்பத்தியைத் தொடங்கியது.

குமரப்பா தயங்காமல் எதிர்த்தார். டிராக்டர் சாணம் போடாது. ரசாயன உரம் மண்ணுக்கு உணவல்ல, ஊக்க மருந்து. அப்போதைக்கு எழுப்பிவிடும், பின்னால் தளர்த்திவிடும் என்பது அவர் கட்சி. குடியானவன் தன் எருக்குழியை மறந்து உரக் கடையை நம்ப வேண்டிவரும், கடன்படுவான் என்றும் எச்சரித்தார்.

எதிர்க்கட்சியிலும் நியாயம் இல்லாமல் இல்லை. 1943-ம் ஆண்டு வங்காளப் பஞ்சத்தை நாடு மறக்கவில்லை. ரேஷன் கடைகளில் கூட்டம் நின்றது. வெளிநாட்டுக் கோதுமையை எதிர்பார்த்து நின்ற சர்க்காருக்கு, சீக்கிரம் விளைச்சலைப் பெருக்கும் வழி தேவைப்பட்டது. பின்னால் அந்த உரம் இந்தியாவின் தானியக் களஞ்சியத்தை நிரப்பவும் செய்தது. ஆகவே குமரப்பாவின் குரல் எடுபடவில்லை. பழைய நண்பர்கள் மந்திரிகளாக இருந்தார்கள்; அவரோ வார்தாவுக்கு அருகே சேல்டோ கிராமத்தில் பண்ணை ஆசிரமம் அமைத்து ஏர் மாடுகளோடு இருந்தார்.

கல்லுப்பட்டிக் குடிசை

உடல் தளர்ந்தது. 1953-ல் தமிழ்நாட்டுக்கே திரும்பினார். விடுதலைப் போராட்ட வீரர் வேங்கடாசலபதி 1940-ல் நிறுவிய காந்தி நிகேதனில் அவருக்கு இடம் கிடைத்தது. உலகம் சுற்றியவர், கல்லுப்பட்டிக் குடிசையில் தங்கினார்.

அவர் தங்கிய இடத்தில் காந்தியடிகளின் படத்தோடு ஓர் ஏழைக் குடியானவனின் படமும் இருந்தது. காந்தி தமக்குக் குரு, குடியானவன் அந்தக் குருவுக்கும் குரு என்று வந்தவர்களுக்கு விளக்குவாராம். மதுரை வீதியில் 1921-ல் காந்தியடிகள் எந்தக் குடியானவனை எண்ணி ஆடையைக் குறைத்தாரோ, அவனுடைய மண்ணுக்கே சீடரும் வந்து சேர்ந்துவிட்டார்.

வேருக்குள் விருந்தாளி

குமரப்பா கல்லுப்பட்டியில் இருந்த அதே காலத்தில், 1957-ல், இங்கிலாந்தில் பார்பரா மோஸ் என்ற பெண் விஞ்ஞானி ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். ஆப்பிள் கன்றுகளில் சிலவற்றின் வேரில் பூசணத்தைச் சேர்த்து வளர்த்தார். சிலவற்றைப் பூசணம் இல்லாமல் வளர்த்தார். பூசணம் சேர்ந்த கன்றுகள் நன்றாக வளர்ந்தன. ஹோவர்டு சொன்ன பாலத்தின் இரகசியம் இதன் பிறகு ஒவ்வொன்றாக வெளிவரத் தொடங்கியது.

வேர் உட்பூசணம் என்று வேளாண்மைத் துறையார் இதை அழைக்கிறார்கள். பயிரை அழுகச் செய்யும் பூசணங்கள் வேறு. இது நன்மை செய்வது. இதன் இழைகள் வேரின் தூவியைவிட மெல்லியவை. ஒரு முனை வேரின் உயிரணுவுக்குள் சென்று குட்டி மரம்போல் கிளைக்கிறது. மறுமுனை மண்ணுக்குள் பல சென்டிமீட்டர் தூரம் ஓடுகிறது.

அங்கே நடப்பது சுத்தமான பண்டமாற்று. இலை வெயிலில் சமைத்த சர்க்கரையிலும் கொழுப்பிலும் ஒரு பங்கு பூசணத்துக்குப் போகிறது. பதிலுக்குப் பூசணம் மணிச்சத்தையும் துத்தநாகச் சத்தையும் கொண்டுவந்து கொடுக்கிறது. வண்டுக்கும் பூவுக்கும் உள்ள உறவை மேலான வகை என்று குமரப்பா எழுதினார் அல்லவா? அதே உறவு மண்ணுக்கடியில், கண்ணுக்குத் தெரியாமல், சுமார் 40 கோடி ஆண்டுகளாக நடந்து வருகிறது! நிலத்தில் வளரும் செடி வகைகளில் பெரும்பாலானவை இந்தக் கூட்டில் இருக்கின்றன. கடுகு, முட்டைக்கோஸ், முள்ளங்கி போன்ற சில மட்டும் சேராதவை.

மிளகாய்க்கு என்ன லாபம்?

மிளகாய் இந்தக் கூட்டாளியை நன்றாக ஏற்றுக்கொள்ளும் செடி. கரிசல் மண்ணில் மணிச்சத்து இல்லாமல் இல்லை. ஆனால் சுண்ணாம்போடு பிணைந்து பூட்டிக் கிடக்கிறது. தண்ணீரில் கரைந்து தானாக வேரை நாடி வராது. வேர் தன்னைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டர் தூரத்தில் இருப்பதை உறிஞ்சியதும், அந்த வட்டம் காலியாகிவிடும். காலியான வட்டத்தைத் தாண்டி எட்டிப் பிடிப்பது பூசண இழையின் வேலை.

மிளகாயை நாற்றங்காலில் வளர்த்து, 40 நாள் அளவில் பிடுங்கி நடுவது வழக்கம். பிடுங்கும்போது மெல்லிய வேர்கள் அறும், நாற்று வாடும். நாற்றங்காலிலேயே பூசணம் குடியேறிவிட்டால், நாற்று சீக்கிரம் தேறி மண்ணைப் பற்றுகிறது. வறட்சியையும் ஓரளவு தாங்குகிறது. பெங்களூரில் நடந்து 1982-ல் வெளியான ஆராய்ச்சி இதை வயலிலேயே காட்டியது. பூசணம் சேர்த்த நாற்றை நட்டபோது செடியும் வளர்ந்தது, விளைச்சலும் கூடியது, மணிச்சத்து உரச் செலவும் மிச்சமாயிற்று.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதை உயிர் உரமாகச் சிபாரிசு செய்கிறது. நாற்றங்காலில் ஒரு சதுர மீட்டருக்கு 100 கிராம், விதைக்குச் சற்றுக் கீழே படும்படி இட வேண்டும். இந்தப் பூசணத்தைத் தனியாகப் புட்டியில் வளர்த்துவிட முடியாது. உயிருள்ள வேர் வேண்டும். ஆகவே மக்காச்சோளம் போன்ற பயிரின் வேரில் பெருக்கித்தான் எடுக்கிறார்கள்.

ஒரு முக்கியமான விஷயம்: மணிச்சத்து உரத்தை அளவுக்கு மீறிக் கொட்டிய மண்ணில் செடி இந்தக் கூட்டாளியை அதிகம் சேர்ப்பதில்லை. கடையில் ஓசியாகக் கிடைக்கும்போது கூலி கொடுத்து ஆள் வைப்பார் உண்டா? அடிக்கடி ஆழ உழுது இழைகளை அறுத்தாலும், நிலத்தை நெடுங்காலம் வெறுமையாகப் போட்டாலும் பூசணம் குறைந்துபோகும். அடுத்த பருவத்தில் உரம் வாங்க முடியாத குடியானவனின் செடி, கூட்டாளியும் இல்லாமல் நிற்கும். எருக்குழியை மறந்தவன் உரக் கடையை நம்ப வேண்டிவரும் என்று குமரப்பா சொன்னதற்கு வேருக்குள்ளே கிடைத்த சாட்சி இதுதான்.

ஐந்தொகை

ஆனால் கணக்கு என்றால் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். பூசணம் மணிச்சத்தை உண்டாக்குவதில்லை. மண்ணில் இருப்பதை வசூலித்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான். தழைச்சத்துக்கு அது முழு மாற்று ஆகாது. ஏற்கனவே வளமான மண்ணில் அதனால் பெரிய மாறுதல் தெரியாது. மூட்டை மூட்டையாக வற்றல் சந்தைக்குப் போகும்போது மண்ணின் சத்தும் கூடவே போகிறது. போனதை ஏதாவது ஒரு வழியில் திருப்பி வைக்காவிட்டால், வசூல்காரன் எத்தனை கெட்டிக்காரனாக இருந்தும் பயனில்லை. பற்று எழுதியவன் வரவும் எழுதவேண்டும்.

அந்த வரவுக்குத்தான் மகன்வாடியில் குமரப்பா எருக்குழி வெட்டினார். தேங்கிய செல்வம், ஓடும் செல்வம் என்று அவர் போட்ட கோடு இங்கேயும் பொருந்துகிறது. பாஸ்பேட் பாறை சுரங்கச் சரக்கு. இந்தியாவுக்கு வேண்டியதில் பெரும்பகுதி மொராக்கோ, ஜோர்டான் போன்ற நாடுகளிலிருந்து கப்பலேறி வருகிறது. விலை ஏறினால் கரிசல்காட்டுக் குடியானவனின் மடியில் கை வைக்கிறது. தொழு உரமும் வேர்ப் பூசணமும் ஓடும் செல்வம். அவை அவன் வயலிலேயே பிறக்கின்றன.

குமரப்பா வேர்ப் பூசணத்தை ஆராய்ந்தவர் அல்ல. நுண்ணோக்கி அவர் கருவி அல்ல. அவர் கையில் இருந்தது கணக்குப் புத்தகம் மட்டும்தான். எடுப்பவன் கொடுக்கவும் வேண்டும், முதலைக் கரைப்பது லாபம் ஆகாது என்ற இரண்டு விதிகளைக் கொண்டே அவர் மண்ணின் குறையைக் கண்டார். ரசாயன உரத்தை அவர் முழுதாகத் தள்ளியது சரியா என்பதில் இன்றும் அபிப்பிராய பேதம் உண்டு. மண் உயிருள்ளது, அதைப் பட்டினி போடக்கூடாது என்பதில் இன்று பேதமே இல்லை.

1960-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி சென்னை ஆஸ்பத்திரியில் குமரப்பா காலமானார். வயது 68. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அதே தேதியில்தான் காந்தியடிகள் மறைந்தார்.

சொத்து என்று அவர் விட்டுச் சென்றது ஒன்றுமில்லை. கல்லுப்பட்டியைச் சுற்றிய கரிசலில் ஆவணி, புரட்டாசி மழைக்குப் பின் இன்றும் மிளகாய் முளைக்கிறது. இளவேர் இறங்கும் இடத்தில் மெல்லிய இழை ஒன்று வந்து தொடுகிறது. கொடுக்கல் வாங்கல் தொடங்குகிறது. அந்தக் கணக்கில் கள்ள எழுத்துக் கிடையாது.